துணி மாமாவைப் போகச் சொல்லும் பாடம்

சாத்தையாவைப் பார்த்து ஒரு குழந்தை அலறியது அதுதான் முதல் தடவை. மானாமதுரை சந்திப்பில் ராமேசுவரம் வண்டி வந்து நின்று மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, கடித்த கொய்யாப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து இறங்கினாள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பழம் கீழே விழுந்தது. அடுத்த நொடி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டு, நடைமேடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அம்மா, அவர்தாம்மா! உன்னைய அழிச்சவரு!"

வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து சாத்தையா பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் தண்ணீர்க் குழாய்தான் இருந்தது.

அவர் பக்கத்தில் மனைவி மங்களேஸ்வரி நின்றிருந்தாள். பரமக்குடியில் ஒரு வளைகாப்புக்குப் போக வந்தவர்கள் அவர்கள். தட்டில் வளையலும் பூவும் இருந்தன. அந்தத் தட்டைப் பிடித்தபடி அவள் கணவனின் முகத்தையும் குழந்தையின் முதுகையும் மாறிமாறிப் பார்த்தாள்.

குழந்தைகள் சாத்தையாவைப் பார்த்தால் ஓடித்தான் வருவார்கள். எட்டு வருடமாக அப்படித்தான். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத பிள்ளை "துணி மாமா!" என்று வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். பெற்றவர்கள் திகைப்பார்கள், பிறகு புரிந்துகொண்டு சிரிப்பார்கள். பள்ளிகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு இருபது நிமிடம் தூங்கும் காலம் அது. அந்தத் தூக்கத்தில் பாடம் கனவாக வரும். கனவில் ஒரு பேருந்துப் பணிமனை. கூரை ஓட்டையிலிருந்து வெயில் கம்பி கம்பியாக இறங்கும். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையில் ஒருவர், பனியன் துணியில் கையைத் துடைத்தபடி, பிள்ளை சொல்வதை அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். விடையை ஒருபோதும் சொல்லமாட்டார். பிள்ளையாக வந்து சேரும்வரை கூடவே இருப்பார். அவ்வளவுதான் அவர் வேலை.

அந்தக் கனவு மனிதரை உருவாக்கியது மங்களேஸ்வரி. அப்போது அவள் சிவகங்கையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சிவகங்கைப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த தன் கணவனை, துணியில் கை துடைக்கும் விதம்வரை ஒன்றுவிடாமல் பார்த்துப் பார்த்து உருவாக்கினாள்.

இப்போது நடைமேடையில் கூட்டம் கூடிவிட்டது. ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்து சாத்தையாவின் தோளில் கை வைத்தார். குழந்தையின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாருங்க நீங்க? எம்புள்ளைய எங்க பாத்தீங்க? என்ன பண்ணுனீங்க அவள?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. இந்தப் புள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் சாத்தையா.

மங்களேஸ்வரி இடையில் புகுந்தாள். "உங்க பொண்ணு பட்டை போட்டுக்கிட்டுப் படிக்கிறாளா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஆமா. அதுக்கென்ன?"

பயணிகள் அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அம்மாவின் பெயர் கோகிலா, மகள் பவதாரிணி. மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில், உண்டு உறைவிடப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்காகப் பிள்ளையைச் சேர்த்திருந்தார்கள். நான்கு மாதமாகப் படிக்கிறாள். மதிப்பெண் மளமளவென்று ஏறியிருக்கிறது.

"கனவுல மாமா என்னம்மா செய்வாரு?" என்று மங்களேஸ்வரி கேட்டாள்.

பவதாரிணி அம்மாவின் மடியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "தப்பா சொன்னா துணியால துடைப்பாரு. மொதல்ல ஜன்னலத் துடைப்பாரு. ஜன்னல் போயிரும். அப்புறம் எங்க வீட்டு வாசல். அதுவும் போயிரும். கடைசியா அம்மா மொகத்த. சிரிச்சுக்கிட்டே துடைப்பாரு."

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையேடி நீ!"

"சொன்னா நீ நெசமாவே போயிருவேன்னு நெனச்சேன்."

சாத்தையா மெதுவாகத் தன் இரண்டு கைகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அதை மங்களேஸ்வரி பார்த்துவிட்டாள். வாழ்நாளில் அவள் மறக்க விரும்பிய காட்சிகளில் அது ஒன்றாக ஆயிற்று.

"ஒண்ணு கேக்குறேன் மேடம்" என்றாள் கோகிலா. "உங்க வீட்டுக்காரர யாரு வேணும்னாலும் எடுத்து எதுல வேணும்னாலும் போட்டுக்கலாமா? கேக்க ஆள் இல்லையா?"

"போட்டுக்கலாம்னு நாங்கதான் எழுதிக் குடுத்தோம்" என்றாள் மங்களேஸ்வரி. "முந்தி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம் இருந்துச்சு. ஒருத்தர் செஞ்ச பாடம் இன்னொருத்தர் பட்டையில ஓடாது. கம்பெனிய மூடிட்டா அதோட பாடமெல்லாம் செத்துப்போகும். எங்க ஸ்கூல்ல அப்படி ஒரே நாள்ல இருநூறு பாடம் போச்சு. புள்ளைங்க பட்டையக் கட்டிக்கிட்டு இருட்டுல படுத்துருந்துச்சுங்க. அப்பத்தான் வாத்தியாருங்களும் கம்ப்யூட்டர்காரங்களும் சேந்து பொது வடிவம்னு ஒண்ணு கொண்டுவந்தோம். பாடத்த யாரும் பூட்டி வைக்கக் கூடாது. இடம் ஒரு துண்டு, ஆள் ஒரு துண்டு, கேள்வி ஒரு துண்டு. யாரும் திறந்து படிக்கலாம், வேணுங்கிற துண்ட எடுத்துத் தன் பாடத்துல தச்சுக்கலாம். திருநெல்வேலி டீச்சர் செஞ்ச ஆத்தங்கரைய ஊட்டி டீச்சர் எடுத்துக்குவாங்க. எங்க பணிமனைய எல்லாரும் எடுத்தாங்க."

"நல்லவங்க மட்டும் எடுப்பாங்கன்னு நெனச்சீங்களா?"

பரமக்குடி வண்டி போய்விட்டிருந்தது. தட்டிலிருந்த பூ வாடத் தொடங்கியிருந்தது. இருவரும் சிவகங்கைக்குத் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தப் பயிற்சி மையத்தின் பாடத்தைத் தேடி எடுத்துத் திறந்தாள். பொது வடிவத்தில் எதையும் மறைக்க முடியாது. உரையாகவே வரி வரியாக விரிந்தது. ஏதாவது ஒரு வில்லத்தனத்தை எதிர்பார்த்துத்தான் படித்தாள். அவளுடைய துண்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை. அதே புன்னகை, அதே பொறுமை, அதே கை துடைக்கும் பழக்கம். வெளியிலிருந்து ஒரே ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். விடை தவறானால், அவர் கை துடைக்கும்போது கனவிலிருந்து ஒரு பொருள் மறைய வேண்டும், அவ்வளவுதான். பாடத்தின் அடியில், முறைப்படி, மரியாதையாக எழுதியிருந்தது: மூலம், மங்களேஸ்வரி. மாதிரி, சாத்தையா.

அந்தப் பாடம் நன்றாக வேலை செய்ததால் இன்னும் பதினோரு மையங்கள் அதை எடுத்துத் தைத்திருந்தன.

அவள் கல்வித் துறைக்குப் புகார் எழுதினாள். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. மையங்களுக்குத் தொலைபேசினாள். ஒருவர் மிகவும் பணிவாகப் பேசினார். "எங்க ரிசல்ட்டப் பாருங்க மேடம். பெத்தவங்க யாரும் குறை சொல்லலையே" என்றார்.

சாத்தையா அந்த வாரம் மீசையை எடுத்துவிட்டார். மறு வாரம் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார். பணிமனைக்கு ஐந்து மைல் சைக்கிளில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார். தெருவில் பள்ளிவிடும் நேரம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டார். பணிமனையில் கையில் கிரீஸ் அப்பியிருந்தாலும் துடைக்காமல், குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள்.

ஒரு நாள் காலையில் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் சொன்னார்.

"நீ கேட்டப்ப நான் ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டேன் மங்கை."

"தெரியும்."

"புள்ளைங்களுக்கு நல்லதுன்னு சொன்ன. நல்லதாத்தான் இருந்துச்சு. இல்லேங்கல. நான் போகாத ஊர்லயெல்லாம் எனக்குச் சொந்தம் இருந்துச்சு. நமக்குப் புள்ள இல்லைங்கிறதே எனக்கு மறந்துபோச்சு. இப்ப நான் பாக்காத புள்ளைங்க எத்தன பேரு எம்மூஞ்சியக் கண்டு அழுதுகிட்டு எந்திரிக்குதுங்கன்னு தெரியல. அந்தாளு நான் இல்லன்னு எனக்குத் தெரியும். அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூட்டிரலாங்க" என்றாள் அவள். "என் துண்ட நான் திரும்ப எடுத்துக்கிட்டா எல்லா இடத்துலயும் நின்னுரும். தாஜுதீனக் கூப்பிட்டிருக்கேன்."

தாஜுதீன் மதுரையிலிருந்து மறுநாள் வந்தான். பாடத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து கிடக்கும் பொதுக் கிடங்கைப் பராமரிப்பவன். பொது வடிவத்தை எழுதிய ஆரம்ப நாட்களில் மங்களேஸ்வரியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டவன். அவள் கேட்டதைக் கேட்டதும் காபியைக் கீழே வைத்தான்.

"பூட்டலாம்க்கா. நீங்க எழுதுனது, உங்களுக்கு உரிமை உண்டு. ஆனா அண்ணன் இப்ப நாப்பத்தோராயிரம் பாடத்துல இருக்காரு. பூட்டுனா அந்தப் பன்னெண்டு மட்டும் நிக்காது. நாப்பத்தோராயிரமும் நிக்கும். முந்தி கம்பெனி மூடுனப்ப புள்ளைங்க இருட்டுல படுத்துக் கெடந்துச்சே, அத நாமளே செய்யறோம்."

மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு கடிதத்தை அவன் எடுத்துக் காட்டினான். வெள்ளத்தில் பள்ளிக்கூடம் போய், தற்காலிகக் கொட்டகையில் நடத்தும் ஓர் ஆசிரியை எழுதியது. எங்கள் பிள்ளைகளில் சிலர் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள், உங்கள் மாமாவிடம்தான் முதலில் பேசினார்கள், நாங்கள் கேட்காத கேள்விகளை அவர் காத்திருந்து கேட்டார் என்றிருந்தது.

மங்களேஸ்வரி கடிதத்தை மடித்தாள். "அப்ப அந்தப் பன்னெண்டுலருந்து மட்டும் அவர எடுக்க முடியாதா?"

"முடியாதுக்கா. இவருக்கு உண்டு, அவருக்கு இல்லைன்னு சொல்ற அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் அன்னைக்கு மேசையில அடிச்சீங்க. அந்த அதிகாரத்த இன்னைக்கு நமக்குன்னு எழுதுனா, நாளைக்கு எவன் கைக்குப் போகும்னு தெரியாது."

"அப்ப என்னதான் செய்யலாம்?"

"துண்ட மாத்தலாம். நீங்க மூலத்த மாத்துனா எல்லாப் பாடத்துலயும் மாறும்."

"அவங்க பழசையே வெட்டி வச்சுக்கிட்டா?"

"வெட்டுனா அவரு செத்த பொம்மை. நாப்பத்தோராயிரம் வகுப்புலருந்து கத்துக்கிட்டுத்தான் அவருக்கு உசிரு. மூலத்தோட இருக்குற தொடுப்பு அறுந்தா மூணே நாள்ல பேந்தப் பேந்த முழிப்பாரு. பொம்மைக்குப் புள்ளைங்க பயப்படாது."

அதுவரை சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாத்தையா முன்னால் வந்தார்.

"தம்பி, எனக்கு இதெல்லாம் புரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கனவுல அந்தப் புள்ளை என்னையப் போகச் சொன்னா நான் போயிருவேனா?"

தாஜுதீன் மங்களேஸ்வரியைப் பார்த்தான். அவள் யோசித்தாள். கேள்வி கேட்க, காத்திருக்க, தலையாட்ட, சிரிக்க என்று எல்லாம் எழுதியிருந்தாள். போக எழுதவில்லை. அவரைப் போகச் சொல்ல ஒரு பிள்ளைக்குத் தோன்றும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"போகமாட்டீங்க" என்றாள் மெல்ல. "கூடவே இருப்பீங்க."

"அதான் தப்பு" என்றார் சாத்தையா. "எவ்வளவு நல்லவனா இருந்தாலும், போன்னா போகணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணிமனையின் டயர் அறையில் பதிவு நடந்தது. ஓர் ஆளைக் கனவுத் துண்டாக ஆக்குவதற்கு அவர் நடித்தால் போதாது. சாத்தையாவின் நெற்றியிலும் நெஞ்சிலும் ஒட்டியிருந்த வில்லைகள் அவர் செய்வதை மட்டுமின்றி, செய்யும்போது உள்ளே என்ன ஓடுகிறது என்பதையும் எடுத்துக்கொள்ளும். மங்களேஸ்வரி பிள்ளையின் இடத்தில் பலகையில் உட்கார்ந்தாள். அவள் "போங்க" என்று சொல்ல வேண்டும். அவர் எழுந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிச் சிரித்தார்.

"திரும்பக் கூடாதுண்ணே" என்றான் தாஜுதீன். "திரும்புனா புள்ளைக்கு 'ஐயோ, கூப்பிடணுமோ'ன்னு இருக்கும்."

ஐந்தாம் தடவை திரும்பவில்லை. ஆனால் திரையைப் பார்த்துத் தாஜுதீன் தலையாட்டினான். "மனசுக்குள்ள வருத்தம் இருக்கு. அது அப்படியே கனவுல வரும். போகச் சொன்ன புள்ளை குத்த உணர்ச்சியில அழும்."

பத்தாம் தடவை, பதினைந்தாம் தடவை. "போங்க." அவர் போனார். "போங்க." போனார். இருபத்தைந்தைத் தாண்டியபோது மங்களேஸ்வரிக்கு அந்தச் சொல் வாயில் கசந்தது. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் அதைக் கோபத்தில் சொன்னதில்லை. கண்ணில் நீர் கட்டியது. அதைப் பார்த்து அவர் போகாமல் நின்றுவிட்டார்.

"நிறுத்திருவோமா?" என்றார்.

"வேண்டாம். கொஞ்சம் இருங்க."

களைத்துப்போய் மூவரும் தேநீர் குடித்தார்கள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அணைக்க யாருக்கும் நினைவில்லை. டயர் அறை மூலையில் பழைய சைக்கிள் டைனமோ ஒன்று கிடந்தது. சும்மா இருக்க மாட்டாமல் மங்களேஸ்வரி அதை எடுத்துப் பிரித்தாள். இயற்பியல் ஆசிரியைக்குக் கை அரிப்பு. உள்ளே காந்தம் துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. சாத்தையா வழக்கம்போல் குனிந்து பார்த்தார். "அந்தக் கம்பி எங்கருந்து வருதுன்னு பாத்தியா?" என்றார். அவள் பார்த்தாள். சுருளில் ஓரிடத்தில் கம்பி அறுந்திருந்தது. ஊசி முனையால் அதை நெம்பி எடுத்தாள். பாதிதான் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தார்.

"நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள், தலையைத் தூக்காமலே.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். நெற்றியில் விழுந்த முடி, பல்லால் கடித்த உதடு, உலகமே அந்த டைனமோவாக இருந்த முகம். அவருக்குள் ஏதோ இலேசாயிற்று. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, கைகளைச் சட்டையிலேயே தடவிக்கொண்டு, வெயிலுக்குள் இறங்கி நடந்தார். பேருந்துகளுக்கு நடுவே அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. எங்கேயும் நிற்கவில்லை.

தாஜுதீன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "அக்கா" என்றான் கடைசியில். "கெடச்சிருச்சு."

புதிய துண்டு ஒரு புதன்கிழமை காலை கிடங்கில் ஏறியது. மதியம் பிள்ளைகள் தூங்கப் போனபோது நாற்பத்தோராயிரம் பாடங்களிலும் அது இருந்தது. அதைப் பற்றி யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கோ ஒரு பயிற்சி மையத்தில், வீட்டு வாசல் மறைந்து, அடுத்து அம்மாவின் முகம் மறையப்போகும் நேரத்தில், ஏதோ ஒரு பிள்ளை அழுதுகொண்டே "போங்க!" என்று கத்தியிருக்க வேண்டும். அவர் போயிருப்பார். துடைக்க ஆளில்லாத கனவில் அம்மா அம்மாவாகவே இருந்திருப்பாள். விழித்தெழுந்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் காதில் சொல்லியிருக்கும்.

இரண்டு வாரத்தில் பன்னிரண்டு மையங்களிலும் அந்தப் பாடம் கலகலத்துப்போனது. ஒரு மையம் தொடுப்பை வெட்டிப் பார்த்தது. தாஜுதீன் சொன்னபடியே மூன்றாம் நாள் அங்கே துணி மாமா ஜன்னலைப் பார்த்து வணக்கம் சொன்னார், பிள்ளைகள் கனவில் சிரித்துச் சிரித்துப் பாதித் தூக்கத்தில் எழுந்துவிட்டார்கள்.

சாத்தையா மீசையை மறுபடி வளர்த்தார்.

மங்களேஸ்வரி எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. நல்ல பாடங்களிலும் பிள்ளைகள் அவரைப் போகச் சொன்னார்கள். பயத்தினால் இல்லை. பாதிக் கணக்கில் வழி தெரிந்ததும், "போங்க மாமா, நான் பாத்துக்கிறேன்" என்றார்கள். சிலர் கனவு தொடங்கிய உடனேயே சொன்னார்கள். சில ஆசிரியர்கள் கோபப்பட்டு எழுதினார்கள். வழிகாட்டி இல்லாமல் பிள்ளை தப்பான விடையோடு எழுந்து வருகிறது, யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆறு மாதத்தில், பாடம் முடியும்வரை அவரை உடன் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். ஒரு வருடத்தில் அதிலும் பாதி.

சாத்தையா மறுபடி பேருந்தில் போகத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவருக்கு அதில் நிம்மதி இருந்தது. ஏமாற்றமும் இருந்தது. திருப்பத்தூர் வண்டியில் எதிர் இருக்கைச் சிறுமி ஒருத்தியிடம் தான் தானாகவே சிரித்ததையும், உடனே அவள் தன் அம்மாவிடம் நெருங்கி உட்கார்ந்துகொண்டதையும் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "சரிதான். முன்பின் தெரியாத ஆளு சிரிச்சா அப்படித்தான் இருக்கணும்" என்றார். ஆனால் அன்று சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்.

மங்களேஸ்வரிக்கு அதைவிடக் கனமாக ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நல்ல மனிதரை உலகத்துக்குக் கொடுத்து, அவரைப் போகச் சொல்லவும் தானே கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று இருந்தது. போகிறவர் எங்கே போகிறார் என்று அவள் எழுதவில்லை. வெயிலுக்குள் நடந்து சின்னதாகி மறைவார். அதற்கு மேல் துண்டில் ஒன்றும் இல்லை, வெற்றிடம்தான். ஒரு நாளைக்கு எத்தனை இலட்சம் தடவை அவர் அந்த வெற்றிடத்துக்குள் போகிறார் என்று நினைக்கும்போது, வெறும் உருவம்தானே என்று தன்னையே தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

பங்குனியில் ஒரு நாள் முற்பகல் தாஜுதீன் கூப்பிட்டான்.

"அக்கா, கிடங்குல ஒரு துண்டு இருக்கு. நீங்க பாத்தீங்களா? உங்க துண்டு முடியுற எடத்துல தச்சிருக்காங்க. 'மாமா போற எடம்'னு பேரு."

"யாரு எழுதுனது?"

"அதான் தெரியல. ஆரம்பிச்சது ஏதோ அஞ்சாம் வகுப்புப் புள்ளைங்க. அதுக்கு மேல ஆயிரத்துச் சொச்சம் பேரு சேத்திருக்காங்க. எல்லாம் புள்ளைங்கதான்னு நெனைக்கிறேன். எழுத்துப் பிழையப் பாத்தா தெரியுது. பாடமே இல்லக்கா அது. அதுல கேள்வி இல்ல, மார்க் இல்ல. சும்மா ஒரு எடம்."

அதை உரையாகப் படித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. சாத்தையா பணிமனைக்குப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அந்தத் துண்டை ஏற்றிய பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு பாயில் படுத்தாள். மின்விசிறிச் சத்தம் தூரத்துக்குப் போனது.

பேருந்துகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். கடைசிப் பேருந்தைத் தாண்டியதும் வெற்றிடம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓடை ஓடியது. தண்ணீர் கணுக்காலளவுதான். யாரோ ஒரு பிள்ளை அதில் மீன்களை விட்டிருந்தது, இன்னொரு பிள்ளை மீன்களுக்கு வண்ணம் போட்டிருந்தது. ஓடையைத் தாண்டினால் மேடு. மேட்டில் பனி பெய்துகொண்டிருந்தது, குளிரவில்லை. பனியைப் பார்த்திராத யாரோ பஞ்சாகச் செய்திருந்தார்கள். ஒரு தேநீர்க் கடை இருந்தது, கடைக்காரர் இல்லை, அடுப்பில் பால் பொங்காமல் கொதித்துக்கொண்டே இருந்தது. வானத்தில் மூன்று நிலா. மூன்றாவதை யாரோ தப்பாக வரைந்து அழிக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு பேருந்து நின்றது. பெயர்ப் பலகையில், "எங்கேயும் போகாது" என்று கோணலாக எழுதியிருந்தது.

பேருந்துக்குள் ஏறினாள். இருக்கைகளில் யாருமில்லை. கடைசி நீள இருக்கையில், காக்கிச் சட்டையோடு, முழங்காலை மடக்கிப் படுத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு அடியில் ஒரு பள்ளிப் பை இருந்தது. மேலே சிறிதும் பெரிதுமாகப் பல போர்வைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று கொண்டுவந்து போர்த்தியிருக்க வேண்டும். முன்சீட்டின் முதுகில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள்.

"மாமா தூங்குறார். கேள்வி இருந்தா அப்பறம் வாங்க."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பஞ்சு பெய்தது. போர்வைகளின் மலை மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. எழுப்பவேண்டும் என்று தோன்றவில்லை. கிளம்பும்போது தன் சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டாள், பிறகு இருக்கிற போர்வையே போதும் என்று விட்டுவிட்டு, சத்தம் வராமல் படியிறங்கினாள்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சாத்தையா வேலையிலிருந்து வந்து கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் பட்டையோடு எழுந்து வந்தவளைப் பார்த்து, "என்ன, டீச்சரம்மா பாடம் படிச்சீங்களோ?" என்றார்.

"அவரப் பாத்துட்டு வந்தேன்."

எவரை என்று அவர் கேட்கவில்லை. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில் என்று அப்படியே நின்றார்.

"எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு. புள்ளைங்க தூங்க வச்சிருக்குதுங்க."

"நல்லாத் தூங்குறாரா?"

"ம். வாயத் தொறந்துக்கிட்டு."

சாத்தையா சிரித்தார். கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்துவிட்டு, முகம் கழுவக் கொல்லைப் பக்கம் போனார். போகிற போக்கில், "காபி நான் போடுறேன், நீ உக்காரு" என்றார்.